பழைய பெயரில் தேடியவன்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் விலாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஐந்து பேர் உட்கார்ந்து நடத்திய இணையப் பட்டியல் அது. பல் மருத்துவர், வக்கீல், குழாய் சரிசெய்பவர் என்று ஊரில் தொழில் செய்யும் ஒன்பதாயிரம் பேருக்கு அதில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. ஊரில் மூன்று மொழிகள் புழங்கியதால் பெயரும் விவரமும் மூன்று மொழியிலும் இருக்கும். அந்தப் பக்கங்களுக்கு முகவரி வைப்பது அவள் வேலை.

பக்கத்தைத் திறந்ததும் திரையின் உச்சியில் ஒரு வரி தெரியுமே, அதுதான் முகவரி. மனிதர்கள் அதைப் படிப்பதில்லை. தேடுபொறி விடாமல் படிக்கும்.

அவள் வருவதற்கு முன் அந்த வேலையைக் கணினியே செய்துகொண்டிருந்தது. வேறு எழுத்தில் ஒரு பெயரைக் கொடுத்தால், எழுத்துக்கு எழுத்து சதவீதக் குறியும் எண்ணுமாக மாற்றி முழ நீளத்துக்கு ஒரு வரியைத் துப்பும். அதைக் கைபேசியில் யாருக்காவது அனுப்பினால், ஏதோ மோசடி என்று பயந்து அழித்துவிடுவார்கள். ஒரே பெயரில் மூன்று பல் மருத்துவர்கள் இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிடும். மூன்றாம் எண் மருத்துவர் மாடியேறி வந்து, "நான் என்ன கைதியா?" என்று சண்டை போட்டார்.

வந்த முதல் மாதமே விலாசம் நான்கு விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பெயரை அந்த ஆள் தன் கடைப் பலகையில் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எடுத்து, எல்லா விசைப்பலகையிலும் இருக்கிற எளிய எழுத்துக்கு மாற்ற வேண்டும். அடுத்தது தொழில். ஒரே பெயர் இருவருக்கு இருந்தால் எண் கூடாது, தெருவைச் சேர்க்க வேண்டும். நான்காவது விதி அவளுக்குப் பெருமையானது. ஒருமுறை கொடுத்த முகவரி சாகக் கூடாது. பெயர் மாறினால் புது முகவரி கொடுக்கலாம். ஆனால் பழைய முகவரிக்கு வருகிறவரைக் கையைப் பிடித்துப் புது இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இதற்காக ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ‘பிற பெயர்கள்’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தாள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடலுக்குத் தெரியும். மற்ற மொழிப் பெயர், முந்தைய பெயர், கூப்பிடுகிற பெயர் எல்லாம் அதற்குள் கிடக்கும்.

"செத்தவங்களைத் தேடி வந்தாக்கூட நீங்க வழி காட்டி அனுப்பிச்சிருவீங்க அக்கா" என்பான் கொசு. நிரல் எழுதுகிறவன். காதோரம் ஓயாமல் எதையாவது ரீங்கரிப்பதால் அந்தப் பெயர்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கொசுவுக்குத் தெரியாது. இதற்கு முன் அவள் பதினாறு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் கோப்பறையில் இருந்தவள். சுவருக்கு வண்ணம் அடிக்கிற ஒருவர் தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் இழுப்பறையைத் துழாவிவிட்டு, "இன்னும் வரலைங்க" என்றாள். முடிவு வந்து பதினோரு வாரமாகியிருந்தது. வேறு மொழியில் பெயர் எழுதப்பட்டு, வேறு இழுப்பறையில் கிடந்தது. நான்காவது தடவை அவருடைய தம்பி வந்தார், இனி தேவைப்படாத ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காக. அதன் பிறகு அவள் எதையும் பெரிதாக நம்பவில்லை. தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். நல்ல எண்ணம்தான். ஆனால் தேடி வருகிறவர் யார் என்ற கேள்வி அந்த எண்ணத்துக்குள் எங்கேயும் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு பெண் மாடியேறி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துகிறவள். தொழில் உரிமம் பெற்றவர்களின் பட்டியலை மொத்தமாக வாங்கி ஏற்றியபோது அவள் பெயரும் அதில் வந்திருந்தது. சட்டப்படி பெயர் மாற்றிய சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"பழைய பேர் எங்கயும் இருக்கக் கூடாதுங்க."

"மாத்திடலாம். மூணு மொழியிலயும் மாத்திடறேன்."

"எங்கயுமே."

"கவலையே படாதீங்கம்மா. பழைய பேர்ல தேடுறவங்க ஒருத்தர்கூட வழி தவற மாட்டாங்க. வாழ்த்துகள்!"

பெண்கள் பெயர் மாற்றினால் கல்யாணம் என்பது விலாசத்தின் கணக்கு. அந்தப் பெண் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். கீழே யாரோ காத்திருப்பதுபோல அவசரமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். விலாசம் அன்றே பக்கத்தை மாற்றினாள். பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு வழி போட்டாள். பழைய பெயரை மூன்று மொழியிலும் எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள். சுத்தமான வேலை.

வெள்ளிக்கிழமை காலையில் தேடல் தாள் வரும். யார் என்ன சொல்லைப் போட்டுத் தேடினார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கத்தில் போய் நின்றார்கள் என்ற விவரம். ஆளின் பெயர் இருக்காது. ஒவ்வொரு வருகையாளருக்கும் ஒரு எண் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் வந்த தாளில், ஒரே எண்ணிலிருந்து காதுக்கருவிப் பெண்ணின் பழைய பெயர் ஒன்பது தடவை தேடப்பட்டிருந்தது. முதலில் ஒரு மொழியில், பிறகு இன்னொன்றில். கடைசியில் ஆள் சரியாகப் புதிய பக்கத்தில் போய் நின்றிருந்தார். விலாசம் தாளைக் கொசுவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. நாலாவது விதி வேலை செய்யுது."

"உங்களுக்கு ஒரு சிலை வைக்கணும் அக்கா. கீழே கண்ணாடிக் கடை வாசல்லயே வெச்சிரலாம்."

அடுத்த வாரம் அதே எண் மறுபடி வந்தது. இப்போது புதிய பெயர். கூடவே ‘கணவர்’ என்று ஒரு சொல். விலாசம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நாளுக்கு இருநூறு வரி பார்க்கிற கண்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் தாளைப் பாதி படித்திருந்தபோது கொசு நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வந்தான். அவன் திரையில் அந்த நிமிடம் வரைக்கும் உள்ள கணக்கு ஓடும்.

"அக்கா, உங்க ஒன்பது தடவை ரசிகன் இன்னிக்கும் வந்திருக்கான். அந்தக் காதுக்கருவி அம்மா பக்கத்தையே சுத்திச் சுத்தி வரான். வரைபடத்தை மட்டும் இருபத்திரண்டு தடவை அமுக்கியிருக்கான்."

"காது மந்தமா இருக்கும்டா, பாவம்."

"காது மந்தம்னா எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேப்பான். இவன் எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு தேடியிருக்கான். அப்புறம் ‘தனியாக’ன்னு ஒரு வார்த்தை."

விலாசம் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். மூன்று வாரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல்லை விட்டுவிட்டு ஊரை மட்டும் படித்தாள். முதல் வாரம், ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய தூரத்து ஊர். நேற்று முன்தினமும் அங்கேதான். நேற்று மாலை, வண்டி மாறுகிற சந்திப்பு நிலையம். கொசுவின் திரையில், இன்று காலை எட்டே காலுக்கு, இந்த ஊர்.

மேஜைமேல் வைத்த கையை எடுக்காமல் ‘எங்கயுமே’ என்று சொன்ன குரல் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"அந்த வழியை வெட்டு. பெட்டியைக் காலி பண்ணு. பக்கத்தையே எடுத்துடு."

கொசு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் வெட்டினான். "நம்ம வீட்டுக் கதவை மூடியாச்சு அக்கா. வெளியே தேடுபொறிக்காரன் எடுத்து வெச்சிருக்கிற நகல் போக நாலஞ்சு நாள் ஆகும். அதோட, அந்த ஆள்தான் ஏற்கனவே படிச்சிட்டானே."

காதுக்கருவிக் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்று தாளையும் பையில் திணித்து எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கடைக்கு எட்டு நிறுத்தம். பேருந்தில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களின் பையைப் பார்த்தாள். பயணப் பையா, கடைப் பையா என்று. பட்டியலில் சேர்ந்த இந்தப் பதினொரு வருஷத்தில் எத்தனை பேருக்கு வழி போட்டிருப்பாள்? அவர்களில் யார் கடன்காரர், யார் நோயாளி, யார் பகையாளி? ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

கருவிக் கடை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், படி முடிகிற இடத்தில் இருந்தது. முன்னறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ‘சோதனை நடக்கிறது, காத்திருக்கவும்’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஒரு நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, காலடியில் சின்னப் பயணப் பை. அவளைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான்.

"உக்காருங்க மேடம். உள்ளே ஒரு பெரியவர் போயிருக்கார். லேட் ஆகும்போல."

விலாசம் உட்கார்ந்தாள். அவன் கைபேசித் திரையின் உச்சியில் ஒரு வரி தெரிந்தது. அந்தப் பெயர், அந்தத் தொழில். எத்தனை தூரத்திலிருந்தும் அவளுக்கு அடையாளம் தெரியும் வரி. அவள் எழுதியது.

"காது டெஸ்டுக்கா வந்தீங்க?" என்று அவளே கேட்டாள்.

"இல்லைங்க. இவங்க எனக்குச் சொந்தம். சொல்லாம வந்திருக்கேன்." சிரித்தான். நல்ல பல்வரிசை. "பேரை மாத்திட்டாங்க, பாருங்க. ஆனா இந்தப் பட்டியல் இருக்கே, அருமையான பட்டியல். பழைய பேரைப் போட்டாலும் கரெக்டா வாசல்ல கொண்டுவந்து விட்டுடுச்சு. யார் செஞ்சாங்களோ, நல்லா இருக்கணும்."

அவளுடைய வேலையை வெளியாள் ஒருவர் மனதாரப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"அது தப்புங்க" என்றாள். "அந்தப் பட்டியல் ஆபீஸ்லதான் நான் இருக்கேன். முகவரி போடுறதே நான்தான். நீங்க சொல்ற பேர் வேற ஒரு அம்மாவோடது. ரெண்டு பேரையும் நான் தவறிப்போய் ஒண்ணாச் சேர்த்துட்டேன். அதைச் சொல்லத்தான் இவங்களைப் பார்க்க வந்தேன்."

அவன் அவளை நிதானமாகப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பார்வை.

"நீங்கதானா. அந்த அம்மா இப்போ எங்க இருக்காங்க?"

"அவங்க... ஊரை விட்டுப் போய் வருஷக் கணக்காச்சு."

"எந்த ஊரு?"

"அது எங்ககிட்ட இல்லைங்க."

"பரவாயில்ல மேடம். வந்தது வந்தாச்சு. முகத்தை ஒரு தடவை பார்த்துட்டா எனக்கே தெரிஞ்சிடும்." காலை நீட்டி, வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

விலாசம் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து கைபேசியை எடுத்து, கொசுவுக்கு ஒரு வரி அனுப்பினாள்: ‘ஆள் இங்கே இருக்கிறான். போலீஸை அனுப்பு.’ பிறகு எழுந்து, "எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு, சொல்லிட்டு வந்துடறேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, சிவப்பு விளக்குக்குக் கீழே இருந்த கதவைத் தள்ளினாள். உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டாள்.

காதுக்கருவிப் பெண் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சோதனைப் பெட்டி, அதற்கு அப்பால் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால், பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள் சூழ்ந்த சின்ன அறையில், ஒரு கிழவர் காதுமூடியோடு உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. அவளும் காதுமூடி போட்டிருந்தாள். யார் வந்தாலும் இப்படி முதுகைத்தான் பார்த்திருப்பார்கள்.

தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்தாள். விலாசம் விஷயத்தைச் சொன்னாள். நாலு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

"தேய்ச்ச சட்டையா?" என்று மட்டும் கேட்டாள் அந்தப் பெண்.

"ஆமா. ரொம்ப மரியாதையாப் பேசறார்."

"அப்படித்தான் பேசுவார்."

வேறு வாசல் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி. இருவரும் பஞ்சுச் சுவர் அறைக்குள் நுழைந்து கனத்த கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்கள். கிழவர் ஒடுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"என்னம்மா, எனக்குத் துணைக்கு ஆள் சேக்கறியா? யாரு இது? வெளியே யாரு?" அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"தாத்தா, வெளியே ஒருத்தர் நிக்கறார். வேண்டாதவர்."

"யாரு, புருஷனா?" என்று கூரை இடிகிற மாதிரி கேட்டார்.

விலாசம் அவர் வாயைப் பொத்தப் போனாள். அந்தப் பெண் தடுத்தாள். "கத்தட்டும். இங்கே என்ன கத்தினாலும் வெளியே கேக்காது." கனத்த கதவைக் காட்டி, "அங்கே நடக்கிறதும் நமக்குக் கேக்காது" என்றாள்.

அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவன் கதவைத் தட்டுகிறானா, போய்விட்டானா, தாழ்ப்பாளை நெம்புகிறானா, ஒன்றும் தெரியவில்லை. தன் மூச்சும் கிழவருடைய மூச்சும்தான் கேட்டன. 

"பழைய பேர் எங்கயும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றாள் அந்தப் பெண். திட்டவில்லை. சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"கல்யாணம்னு நினைச்சேன்மா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நான் அவசரக்குடுக்கை. கேட்டிருக்கணும்."



வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது என்பதால் கதவு மணிக்குப் பதில் அந்தப் பெண் ஒரு மஞ்சள் விளக்கு வைத்திருந்தாள். வெளியே பொத்தானை அமுக்கினால் உள்ளே எரியும். இருபது நிமிடம் கழித்து அது எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அமுக்குகிற கை யாருடையது என்று விளக்கு சொல்லாது.

"நான் பாக்கறேன் விடு" என்று கிழவர் எழுந்தார். "முப்பது வருஷம் வங்கி வாசல்ல நின்னவன். வாசல்ல நிக்கறவனை எனக்குத் தெரியும்."

கதவைத் திறந்தால் இரண்டு காவலர்கள். முன்னறையில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பையும் இல்லை, ஆளும் இல்லை. புகாரை எழுதிக்கொண்டார்கள். விலாசம் மூன்று தாளையும் கொடுத்தாள். பார்ப்போம் என்றார்கள்.

அன்று மாலையே அந்தப் பெண் கருவிகளை இரண்டு பெட்டியில் கட்டினாள். பெட்டியைக் கீழே இறக்க விலாசம் ஒரு பக்கம் பிடித்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை.

வீட்டில் விலாசத்தின் கணவர், மின்தூக்கி பழுது பார்ப்பவர், முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கைகழுவப் போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரி. நான்தான் முகவரி போடுறேன்னு எதுக்கு அவன்கிட்ட சொன்னே?"

"அப்பத்தான் நம்புவான்னு தோணுச்சு."

"நம்பினானா?"

"தெரியல."

அவர் முன்கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாள் வந்தது. கொசு அன்று ரீங்கரிக்கவில்லை. தாளை அவள் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான். அந்த எண் இருந்தது. ஊர், இந்த ஊர். தேடியது பட்டியல் அலுவலகத்தின் பெயர். அடுத்து, ‘முகவரி போடும் பெண்’. அடுத்து, ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் போய் நின்றிருந்தான். அங்கே ஐந்து பேரின் படமும் இருக்கும். விலாசத்தின் உண்மைப் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். முன்னறையில் சொன்னதை அவன் நம்பவில்லை. அல்லது பாதி நம்பியிருக்கிறான்: அந்தப் பெண் போன இடம் இவளுக்குத் தெரியும் என்று.

"அக்கா, உங்க பேரை எடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

விலாசம் தாளின் மற்ற வரிகளைத் தேடினாள். காதுக்கருவிப் பெண்ணின் பழைய பெயர் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. புதிய பெயர்? இல்லை. காது, கருவி, வேறு ஊர், ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக அந்த எண் விலாசத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது.

"எடுக்காதே" என்றாள்.

"விளையாடறீங்களா? அவன் இங்கே வருவான்."

"வரட்டும். இங்கே அஞ்சு பேர் இருக்கோம், கீழே கடை இருக்கு, ஸ்டேஷன்ல புகார் இருக்கு. என் பேரை எடுத்தா அவன் வேற எதையாவது தேட ஆரம்பிப்பான். அவன் என்னைத் தேடற வரைக்கும் அவளைத் தேட மாட்டான்."

"அக்கா..."

"ஸ்டேஷனுக்குப் போன் போட்டு இந்தத் தாளைப் பத்திச் சொல்லு. அப்புறம் உன் நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டுக்கோ. துணைக்கு."

கொசு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். விலாசம் தன் மேஜையை, கதவு கண்ணில் படுகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்துக்கு முகவரி வைக்க உட்கார்ந்தாள். ஒரு பெண் தையல் பள்ளி நடத்துகிறாள், பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். விலாசம் விசைப்பலகையில் கை வைக்கவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

"அம்மா, பட்டியல் ஆபீஸ்லேருந்து பேசறேன். பழைய பேர்ல யாராவது உங்களைத் தேடி வந்தா, வழி சொல்லட்டுமா, வேண்டாமா?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. அந்தப் பெண் தொலைபேசியை வைக்கவில்லை. விலாசம் காத்திருந்தாள். படிக்கட்டில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது.